ஆறடி நாலங்குலத்துக்கு ஒரு வண்டி

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
8-4-1968

அன்புள்ள மகன் லியோனார்டுக்கு,

நேற்று குருத்து ஞாயிறு. பூசை முடிந்து கோயில் வாசலில், கையில் குருத்தோலையோடு, கம்பவுண்டர் பரசுராமன் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்து பார்க்கத்தான். உட்கார்ந்தது சரி. எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு முட்டியும் ஹேண்டில்பாருக்கு அடியில் மாட்டிக்கொண்டன. ஹேண்டிலைத் திருப்பினால் முட்டி விடவில்லை, முட்டியை எடுக்கலாமென்றால் ஹேண்டில் விடவில்லை. மீன்கார ஞானபாக்கியம் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னா டாலிக்காரரே, லைட்டு கம்பத்த புடுங்கியாந்து ஸ்கூட்டர்ல நட்டுகினு கீறே? நம்ம ஆண்டவரு கழுதை மேல கூட இன்னும் நல்லா குந்திகினு போனாரு" என்றாள். கடைசியில் அவளும் பரசுராமனும் ஆளுக்கொரு காலைப் பிடித்து என்னை வெளியே எடுத்தார்கள். கோயில் ஜனம் முழுக்க பார்த்தது.

நாலு வருஷத்துக்குப் பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இப்படி ஆரம்பிக்கிறது. வேறு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். இருபத்திரண்டு வருஷமாகக் கப்பலின் அடித்தட்டில் டாலி கிளார்க்காகக் குனிந்துகொண்டே பெட்டி எண்ணி என் முதுகு கேள்விக்குறி ஆகிவிட்டது. கம்பெனியில் புது வேலை ஒன்று வந்தது. எண்ணூரில் கட்டுகிற மின்சார நிலையத்துக்குக் கப்பலில் இயந்திரங்கள் வருகின்றன. அந்தக் காகிதங்களை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். மேலே கூரை இல்லாத வேலை. "ஓட்டத் தெரியுமா?" என்று மானேஜர் கேட்டார். பத்து வருஷமாக ஓட்டுகிறேன், லைசென்ஸ் பழசாகிவிட்டது, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். என் வாயா அப்படிச் சொன்னது என்று எனக்கே ஆச்சரியம். ஜூன் ஒன்றாம் தேதி லைசென்ஸோடு வரவேண்டும். என் டாலி வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்பிப் போக இடமில்லை.

இன்னும் கேள். தமீம் பட்டறையில் இரண்டு பழைய வண்டி நிற்கிறது. ஒன்று புல்லட், ஒன்று ராஜ்தூத். "உங்க உயரத்துக்கு எது சரிப்படும்னு உங்களுக்குத்தானே தெரியும், பார்த்துச் சொல்லுங்க, வாங்கிடலாம்" என்கிறார் மானேஜர். எனக்கு சைக்கிளே தகராறு.

நீ அங்கே பட்டாளத்து மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்ப்பதாக உன் அம்மாவுக்கு எழுதுகிற கடிதங்களில் படித்தேன். அதாவது அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எது வாங்கலாம் என்று ஒரு வரி எழுது. எழுதாவிட்டாலும் தப்பில்லை.

இப்படிக்கு,
ம. அருளப்பன்


செகந்திராபாத்
15-4-68

கடிதம் கிடைத்தது.

தமீம் பாய் இருக்கும்போது என்னை ஏன் கேட்கிறீர்கள் என்று விளங்கவில்லை. அவர் பட்டறையில் நின்ற வண்டியை நான் எண்ணூர் வரை ஓட்டிவிட்டு வந்ததற்காக, அதே பட்டறை வாசலில், அத்தனை பேர் முன்னால் என்னை பெல்ட்டால் அடித்தீர்கள். "இந்தச் சனியன் மேல ஏறுறவன் என் வூட்டுல சோறு துன்னக்கூடாது" என்றீர்கள். நான் துன்னவில்லை. பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன்.

ஆனால் வேலை என்று கேட்டதால் பதில் எழுதுகிறேன். எங்கள் யூனிட்டில் உங்கள் உயரத்துக்கு சர்தார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டி சரிசெய்து கொடுப்பது என் வேலைதான். ஆள் உயரம் என்பது எங்களுக்குப் போதாது. மூன்று அளவு வேண்டும். தலையிலிருந்து இடுப்பு. இடுப்பிலிருந்து முட்டி. முட்டியிலிருந்து அடிப்பாதம். நிற்கவைத்து எடுக்க வேண்டும். எழுதி அனுப்புங்கள்.

அம்மாவின் கண் வலி எப்படி இருக்கிறது?

லியோனார்ட்


ராயபுரம்
19-4-68

அன்புள்ள லியோனார்டுக்கு,

நீ எழுதியதெல்லாம் நியாயம். அதைப் பற்றி எழுத உட்கார்ந்து இரண்டு இன்லேண்ட் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. இதில் அளவு மட்டும் எழுதுகிறேன்.

தலை–இடுப்பு: 35 அங்குலம்.
இடுப்பு–முட்டி: 24 அங்குலம்.
முட்டி–அடி: 24 அங்குலம்.

நானே எடுத்தேன். அம்மா டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். அளவு எடுப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது, அதுதான் என் பிழைப்பு. ஒரு பெட்டிகூட என் கணக்கில் தப்பியதில்லை.

தமீம் புல்லட்டைத்தான் சொல்கிறான். "ஆளுக்கேத்த வண்டி மாமு. ராஜ்தூத் மேல நீ குந்தினா ஒட்டகம் ஆட்டு மேல ஏறினாப்புல இருக்கும்" என்கிறான். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. திருவொற்றியூர்க்காரன் எவனைக் கேட்டாலும் புல்லட் என்றுதான் சொல்வான், அவன் தெருவில் செய்கிற வண்டி ஆயிற்றே. புல்லட் மேல் உட்கார்ந்து கண்ணாடிக் கடை ஜன்னலில் பார்த்துக்கொண்டேன். உன் அப்பன் கொஞ்சம் கம்பீரமாகத்தான் தெரிந்தான். ஸ்டாண்டிலிருந்து இறக்கியதும்தான் வண்டி என் மேல் சாய்ந்தது.

அம்மாவுக்குக் கண் வலி தேவலை.

அருளப்பன்


செகந்திராபாத்
26-4-68

அப்பாவுக்கு,

புல்லட் வேண்டாம். அது நல்ல வண்டி, நானே ஓட்டுகிறேன். ஆனால் உயரமானவன் பெரிய வண்டியில்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைப்பது தவறு. கற்றுக்கொள்கிறவன் கட்டாயம் விழுவான். விழும்போது அவன் உயரம் உதவாது, வண்டியின் கனம்தான் அவன் மேல் விழும். ஹார்பர் ரோட்டில் ரயில் தண்டவாளம் குறுக்கே போகிறது. காசிமேட்டில் மீன் தண்ணீர் எப்போதும் ரோட்டில் நிற்கும். கனம் குறைந்த வண்டிதான் அங்கே உங்கள் பேச்சைக் கேட்கும்.

ராஜ்தூத்தை எடுங்கள். உங்கள் கால் அதில் இடிக்கும் என்பது உண்மை. அதற்கு வழி இருக்கிறது. தமீம் பாயிடம் சொல்லி உயரமான ஹேண்டில்பார் மாட்டி, அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளி இறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த அளவுப்படி கணக்குப் போட்டேன். சீட்டை ஐந்து அங்குலம் உயர்த்த வேண்டும். ஐந்து அதிகம்தான், ஆனால் உங்கள் கால் அப்படி. இதுவரை எந்த சர்தாருக்கும் நான் ஐந்து வைத்ததில்லை. படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

தண்டவாளத்தைத் தாண்டும்போது நேர்க்குறுக்காகத் தாண்டுங்கள். சாய்வாக ஏறினால் சக்கரம் பள்ளத்தில் மாட்டும். கிளட்சை சட்டென்று விடாதீர்கள். முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதீர்கள்.

மானேஜர் கேட்டால், ரோடு ஈரம், சின்ன வண்டிதான் வசதி என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை.

லியோனார்ட்


ராயபுரம்
8-5-68

லியோனார்டுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடியே செய்தேன். மானேஜரிடம் ராஜ்தூத் என்றேன். "புல்லட் கேப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார். ரோடு ஈரம் என்றேன். யோசித்துவிட்டு, "அனுபவஸ்தர் சொன்னா சரி" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. தென்னை நார் அடைத்துத் தார்ப்பாய் தைத்து ஐந்து அங்குலம் சீட்டை உயர்த்தினோம். நாலு நாள் காலையில் காசிமேட்டு மணல் ஓரம் தமீம் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தான். ஓடும்போது ஒரு குறையுமில்லை. முட்டி இடிக்கவில்லை. காற்று நெஞ்சில் அடித்தது.

ஐந்தாம் நாள் தனியாக விட்டான். ஏலக்கூடத்து முனையில் ஒரு மாட்டுவண்டி வந்தது. பிரேக் போட்டேன். வண்டி நின்றது. காலை ஊன்றலாம் என்று கீழே விட்டால் தரை இல்லை. கட்டைவிரல் நுனிதான் எட்டுகிறது. ஆறடி நாலங்குல ஆளுக்குத் தரை எட்டவில்லை என்றால் உலகத்தில் யார் நம்புவார்கள்? மரம் விழுவது போல மெதுவாக வலது பக்கம் விழுந்தேன். ஞானபாக்கியத்தின் சங்கரா மீன் கூடையில் விழுந்தேன். அவள் திட்டியதை எழுத இன்லேண்ட் போதாது. கடைசியாகச் சொன்னது மட்டும், "உன் காலு இன்னா வாடகைக்கா கீது? ஊன வேண்டிதானே."

வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டு போட்டிருக்கிறார்கள், பத்து நாளில் சரியாகுமாம். டெஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி. அதற்கு மேல் இந்த மாதம் வேறு தேதி கிடையாது.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். "இன்னா லியோப்பா, அந்தச் சனியன் மேல ஏறுறவனுக்கு இந்த வூட்டுல சோறு கிடையாதுன்னு யாரோ சொன்னாங்களே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் போட்டாள்.

ஒன்று கேட்கிறேன், மனசில் வைத்திருந்தால் புளிக்கும். ஐந்து அங்குலம் என்று நீ தெரிந்தே எழுதினாயா? அந்த பெல்ட்டை மனசில் வைத்து எழுதினாயா? அப்படியென்றால் கணக்கு சரியாகிவிட்டது, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இல்லையென்றால் சொல்.

அருளப்பன்


செகந்திராபாத்
13-5-68

அப்பாவுக்கு,

நான் வண்டியைக் கெடுத்து ஆளை விழவைக்கிறவன் இல்லை. என் கையால் சரிசெய்த வண்டியில் ஒருத்தன் விழுந்தால் எனக்கு அன்று சாப்பாடு இறங்காது. அது நீங்களாக இருந்தாலும்தான். இதை முதலில் எழுதிவிட்டு, கடிதத்தை மூடிவிடத்தான் இருந்தேன்.

பிறகு உங்கள் பழைய கடிதத்தை எடுத்தேன். மூன்று அளவையும் கூட்டிப் பார்த்தேன். முதலிலேயே கூட்டியிருக்க வேண்டும், அது என் தப்பு. 35, 24, 24. எண்பத்து மூன்று. அதாவது ஆறடி பதினொன்று.

அப்பா, நீங்கள் எப்போது ஏழு அங்குலம் வளர்ந்தீர்கள்?

என் ஹவில்தார் குர்சரண் சிங்கிடம் காட்டினேன். உங்கள் அப்பா என்ன வேலை என்று கேட்டார். கப்பல் சரக்கு அளக்கிறார் என்றேன். அவர் முன்பு பம்பாய் துறைமுகத்தில் இருந்தவர். உடனே சிரிக்க ஆரம்பித்தார். சரக்குப் பெட்டியை எப்படி அளப்பார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதிலிருந்து அளப்பார்கள், ஆணி நீட்டினால் ஆணியும் சேர்த்தி, கால் அங்குலம் மிஞ்சினாலும் முழு அங்குலம். அப்படித்தானே? நீங்கள் உங்களையே பெட்டி மாதிரி அளந்திருக்கிறீர்கள். தலைமுடி சேர்த்து, முட்டியின் முனையிலிருந்து, பூட்ஸ் போட்டுக்கொண்டு. உண்மையைச் சொல்லுங்கள், பூட்ஸ் போட்டிருந்தீர்களா இல்லையா?

ஒர்க்ஷாப்பில் எல்லாரும் சிரித்தோம். நானும்தான். உங்களை நினைத்து நான் சிரித்து ரொம்ப நாளாகிறது.

நார் மெத்தையைப் பிரியுங்கள். இரண்டு அங்குலம் போதும். வெறுங்காலோடு நின்று, அம்மாவை அளக்கச் சொல்லுங்கள். அம்மா துணி அளக்கிறவள் மாதிரி அளப்பாள், அதுதான் சரி. உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படவேண்டும். பட்டால்தான் ஓட்டுங்கள். உங்கள் பாதமும் பெரிசு, கியர் நெம்புகோலுக்கு அடியில் மாட்டும், அதை ஒரு பல் மேலே ஏற்றி மாட்டச் சொல்லுங்கள்.

கட்டு அவிழ்க்கும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். ஆனால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திக் கிளட்சும் கியரும் பழகலாம். கட்டு அவிழ்த்த பிறகு பத்து நாள் இருக்கும், அது போதும். உங்களால் முடியும்.

லியோ


ராயபுரம்
1-6-68, மாலை

அன்புள்ள லியோவுக்கு,

பூட்ஸ் போட்டிருந்தேன்.

அம்மா அளந்தாள். எழுபத்தாறு அங்குலம், ஒரு நூல்கூட அதிகமில்லை. "இவ்ளோ வருசம் எத்தினி பேரு பெட்டிய இப்டி வளத்து வுட்டியோ" என்றாள். இரண்டு அங்குலம் வைத்தோம். இரண்டு பாதமும் தரையில் சப்பென்று உட்கார்ந்தன.

டெஸ்ட் அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் என் மார்பு உயரம் இருப்பார். நான் வண்டியில் உட்கார்ந்து காத்திருந்தேன். பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "நிக்காதய்யா, ஏறி உக்காரு" என்றார். உட்கார்ந்துதான் சார் இருக்கிறேன் என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தார். கீழே பார்த்தார். அப்புறம், "எட்டு போடு" என்றார். போட்டேன். எட்டு கொஞ்சம் பூசணிக்காய் மாதிரி வந்தது, ஆனால் கால் ஊனவில்லை. வலது பக்கம் திரும்ப கை காட்டச் சொன்னார். நீட்டினேன். சைக்கிளில் போனவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். "போதும் போதும், கையை மடக்கு, ஊர்ல ஆள் நடமாடணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

லியோ, நான் தமீம் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் மறுநாள் மானேஜரிடம் லைசென்ஸை நீட்டும்போதுதான் கவனித்தேன். முதல் பக்கத்தில் தேதி. முதன்முதலாக வழங்கப்பட்டது, 29-5-68. இருபத்திரண்டு வருஷம் கப்பல் காகிதங்களில் தேதி சரிபார்த்தவன், என் காகிதத்தைப் பார்க்கவில்லை. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "பத்து வருஷம்னு சொன்னீங்க" என்றார். என் முழு உயரமும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "பத்து வருஷமா ஆசை சார்" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வண்டி நின்றது, உயர்ந்த ஹேண்டில்பாரும் தார்ப்பாய் சீட்டுமாக. "அந்தத் தண்டவாளத்தைத் தாண்டித்தானே வந்தீங்க? எப்படித் தாண்டுவீங்க?" என்றார். நேர்க்குறுக்காக, கிளட்சை சட்டென்று விடாமல் என்றேன். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "எண்ணூர்க் காகிதம் ஒண்ணாந்தேதி எட்டு மணிக்கு ரெடியா இருக்கும். இனிமே எங்கிட்ட கூட்டிச் சொல்லாதீங்க" என்றார்.

இன்று முதல் டூட்டி முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். திருவொற்றியூர் தாண்டியதும் ஒரு பக்கம் கடல். ஒரு வண்டியும் இல்லை. முதுகை நிமிர்த்தினேன். என் தலைக்கு மேலே எதுவுமே இல்லை, லியோ.

பத்து வருஷ ஆசை என்று வாயில் வந்தது உண்மைதான். அந்த ஆசை உள்ளவன்தான் உன்னை அடித்தது. நீ அன்று எண்ணூரிலிருந்து திரும்பி வந்தபோது உன் முகத்தில் இருந்ததை இன்று நான் கண்ணாடியில் பார்த்தேன். அடித்தது தப்பு. இதை எழுத ஐந்து இன்லேண்ட் ஆயிற்று.

அப்பா


செகந்திராபாத்
7-6-68

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தை குர்சரண் சிங்குக்கு இந்தியில் சொன்னேன். ஒர்க்ஷாப்புக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார். அவர் பாஸ் செய்த மாதிரி.

நீங்கள் கடைசியில் எழுதியதையும் படித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

லீவு கிடைத்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி காலை சென்ட்ரலில் இறங்குவேன். ஒரு மாதம் இருப்பேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கவேண்டும் என்று நாலு வருஷமாக இருக்கிறேன். நான் பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று நீங்கள் டூட்டிக்குப் போய்விட்டதாக அம்மா பிளாட்பாரத்தில் சொன்னாள். ஆனால் வெற்றிலைக் கூடை அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று நின்றது. கூடைகளுக்கு மேலே பாதி நெற்றியும் தலைமுடியும் தெரிந்தன. ராயபுரத்தில் அந்த உயரத்தில் நெற்றி உள்ளவர் நீங்கள் ஒருத்தர்தான். அது நீங்கள்தானா? நான் பார்த்துக்கொண்டே ஏறியதில் ரயில் பெட்டியின் கதவு நிலையில் தலை இடித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா நான் அழுவதாக நினைத்துக்கொண்டாள்.

உங்கள் மகன்,
லியோ


ராயபுரம்
11-6-68

அன்புள்ள லியோவுக்கு,

கடிதத்தைப் படித்ததும் அம்மா பக்கத்து வீடு, எதிர் வீடு, கோயில் என்று ஒரு சுற்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஞானபாக்கியம் வஞ்சிரம் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். "மவன் ரெண்டு காலையும் ஊனி நிப்பானா, இல்லே உன்ன மாதிரியா?" என்று கேட்டாள். வந்து நீயே காட்டு.

இருபத்திரண்டாம் தேதி வண்டியோடு சென்ட்ரலுக்கு வருகிறேன். அன்று காலை மட்டும் வண்டியை எடுத்துக்கொள்ள மானேஜர் சொல்லிவிட்டார். நீ ஓட்டு, நான் பின்னால் உட்காருகிறேன். இரண்டு கம்பம் ஒரு ராஜ்தூத்தில் போவதைப் பார்க்க தமீம் பட்டறையை மூடிவிட்டு வரப்போகிறானாம். பெட்டி படுக்கையை ரிக்‌ஷாவில் போட்டுவிடலாம்.

தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றது நான்தான். டூட்டி இல்லை, மட்டம் போட்டேன். முட்டியை மடக்கித்தான் நின்றேன், அப்படியும் தெரிந்துவிட்டது பார்.

நீ படியில் கால் வைத்ததுமே தலை இடிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவு நிலை தாழ்வு, உன் கண் வேறெங்கோ இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் கத்தினால் நான் வந்திருப்பது தெரிந்துபோகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அன்று சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்: "குனிஞ்சி ஏறுடா, கண்ணு."